நெற்றியில் நிற்கும் விளக்கு

கொமரலிங்கத்தை விட்டு நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இடது முழங்காலில் தோல் உரிந்த இடத்தில் பேண்ட் துணி ஒட்டிக்கொண்டு, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் பிய்ந்து வந்தது. சாலையின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. என் ஊர் தெற்கே தேரிக்காட்டுப் பக்கம். செம்மண்ணும் பனையும் முள்ளும்தான். அங்கே இவ்வளவு தண்ணீர் ஓடினால் ஊரே வந்து நின்று வேடிக்கை பார்க்கும். இங்கே ஓர் எருமைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பையில் ஒரு மாற்றுத் துணி, ஒரு கம்பளி, நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று. விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. அதனால்தான் அதன்மேல் எனக்குக் கோபம் அதிகம்.

கவிதா டீச்சர் மலை ஏறுகிற குழுக்களை அழைத்துப் போகிறவர். முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். அடுத்த குழு நேபாளத்துக்குப் போகிறது. பதினாறு பேர். மூன்றாம் நாளே ரசம் கேட்பார்கள் என்பதால் சமையலுக்கு ஆளை இங்கிருந்தே கூட்டிப் போகிறார். சமையல்காரருக்கு உதவியாக, பாத்திரமும் அடுப்பும் சுமக்க ஒரு ஆள் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் வந்திருந்தேன். இமாசலத்தில் இரண்டு கோடைகாலம் சாலை வேலைக்குக் கல் உடைத்திருக்கிறேன். தினமும் காலையில் தலைக்கு மேலே பனிமலை தெரியும். ஒருநாளும் அதன் மேலே கால் வைத்ததில்லை. அந்த ஆசைதான்.

சோதனை நடை அன்று விடிவதற்கு முன்னால். ஊருக்கு வெளியே ஒரு கரடு. மலை என்று சொல்ல முடியாது, பாறையும் முள்ளுமாக ஒரு குன்று. முதுகில் அரிசி மூட்டை, அதன்மேல் பெரிய குக்கர். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது வியர்வையில் விளக்கின் பட்டை நழுவிக் கண்ணுக்கு மேல் வந்து உட்கார்ந்தது. இரண்டு கையும் சுமையில். புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பட்டையை மேலே ஏற்றப் பார்த்தேன். நான்காவது தடவை புருவத்தைத் தூக்கியபோது கீழே பாறை இல்லை. குக்கர் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

டீச்சர் இறங்கி வந்து முதலில் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு குக்கரைப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் மாலை மாதிரித் தொங்கிய விளக்கைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்ணா. காலு நல்லா இருக்குது, தெம்பு இருக்குது. ஆனா அங்கெல்லாம் நாங்க விடியறதுக்கு மூணு மணி நேரம் முந்தியே நடக்க ஆரம்பிச்சிருவோம். லைட்டு நழுவுனா நீங்க மட்டும் உழுகறதில்லீங்க, பின்னால வர்றவங்களும் உழுகோணும். வெள்ளிக்கெழமை இதே நேரத்துக்கு வாங்க. தலையில நிக்கற லைட்டோட வாங்க. இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறனுங்க."

எங்கள் ஊரில் வேலையை விட்டு அனுப்பினால் பரம்பரையையே இழுத்துப் பேசி அனுப்புவார்கள். இங்கே வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, முழங்காலுக்கு மஞ்சள் பற்றும் கொடுத்து அனுப்பினார்கள். அன்று திங்கட்கிழமை. எனக்கு நான்கு நாள் இருந்தது. திருப்பூரில் என் கூட்டாளி மங்ரு இருந்தான். அதனால் திருப்பூர்.

ஒரு மணி நேர நடைக்குப் பிறகு பின்னால் பஸ் சத்தம் கேட்டது. கை காட்டினேன். நின்றது. உள்ளே முழுக்கப் பெண்கள், கழுத்தில் அட்டை தொங்க, பாதிப் பேர் தூக்கத்தில். "திருப்பூரா?" என்றேன். "ஆமாங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்றார் டிரைவர். கண்டக்டர் வரவில்லை. புண்ணியம் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. செக்யூரிட்டி இறங்குகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு ஒருத்தர் சாஸ்தி வருதே" என்று மறுபடி எண்ணினார். மறுபடியும் ஒருத்தர் சாஸ்தி. அந்த ஒருத்தர் நான்தான். அது பனியன் கம்பெனி பஸ்.

"வெளிய விடுங்க, தெரியாம ஏறிட்டேன்" என்றேன்.

"அவுட்-பாஸ் வேணுமுங்க."

அவுட்-பாஸ் கொடுக்கிற பெண் ஒன்பது மணிக்கு வந்தாள். சின்னப் பெண், கண்ணாடி போட்டவள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "டெய்லருங்களா, செக்கிங்குங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் இல்லம்மா. பஸ் மாறி ஏறிட்டேன்."

"இன்-பஞ்ச் ஆகாதவங்களுக்கு அவுட்-பாஸ் போட முடியாதுங்ணா. சிஸ்டம் எடுக்காது."

"அப்ப நான் என்ன செய்ய?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என்னை 'ஹெல்பர்' என்று உள்ளே பதிந்து, தேநீரும் ஒரு தட்டு தக்காளி சாதமும் வாங்கிக் கொடுத்து, அரை மணி கழித்து 'உடல்நலக் குறைவு' என்று வெளியே பதிந்தாள். சாதம் நன்றாக இருந்தது. "முழங்காலக் காட்டுனா செக்யூரிட்டி நம்பிருவாருங்ணா" என்று யோசனையும் சொன்னாள். காட்டினேன். சல்யூட் வைத்துக் கேட்டைத் திறந்தார்.

மங்ரு வேலம்பாளையத்தில் இருந்தான். ஜார்க்கண்டுக்காரன். இமாசலத்தில் என்னோடு கல் உடைத்தவன். அதற்கு முன்னால் அவன் ஊர்ப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவன். இப்போது ஒரு கம்பெனியில் அயர்ன் போடுகிறான். நீளமாக ஒரே வரிசையில் கட்டிய அறைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து ஆறு பேர். வாசல் கொடியில் ஏதேதோ நாட்டுக்குப் போக வேண்டிய பனியன்கள், சின்னச் சின்ன ஓட்டைகளோடு, இவர்கள் உடம்புக்கு வந்து காய்ந்துகொண்டிருந்தன. மாலை அவன் வந்ததும் உருளைக்கிழங்கைச் சுட்டுக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து சோற்றோடு கொடுத்தான். கடுகெண்ணெய் மூக்கில் ஏறும். இரண்டு வாய்க்குப் பிறகு ஏறாது.

நடந்ததைச் சொன்னேன். என் விளக்கை வாங்கித் தலையில் மாட்டி, இருந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தான். விளக்கு மூக்கில் வந்து நின்றது. அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"இதை எங்கே வாங்கினாய்?" என்று இந்தியில் கேட்டான்.

"பஸ் ஸ்டாண்டில்."

"போட்டுப் பார்த்தாயா?"

"எரிகிறதா என்று பார்த்தேன்."

"எரியாத விளக்கை யார் விற்பார்கள்? நாளைக்குத் தேய்க்க பீஸ் வரவில்லை, வேலை இல்லை. நான் வருகிறேன். நீ வாயைத் திறக்காதே."

செவ்வாய்க்கிழமை ராயபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். மோட்டார் சாமான், வயர், டார்ச் விற்கிற பழைய கடை. இந்தப் பக்கத்து விவசாயிகள் வயலுக்குத் தண்ணீர் கட்ட, பன்றி விரட்ட எல்லாம் நெற்றி விளக்கு வாங்குகிறார்கள். அதனால் வகைவகையாக இருந்தது. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது தேங்காய்மூடி அளவுக்கு ஒரு விளக்கு.

"இதப் பாருங்க. ஒரு மைலுக்கு அடிக்கும். காட்டுப் பன்னி மேல அடிச்சீங்கன்னா பன்னி அப்படியே செலையா நிக்குமுங்க."

கடைக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே இருட்டாக ஒரு சாமான் அறை. மங்ரு என்னை அங்கே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். பன்றி விளக்கை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். நட்டநடுவில் ஒரு வெள்ளை வட்டம். சுற்றிலும் முன்னைவிடக் கறுப்பு.

"சுரங்கத்தில் தூரம் என்று ஒன்று இல்லை" என்றான். "எதிரே சுவர். தெரிய வேண்டியது கால், கை, பக்கத்தில் நிற்பவன். அவன் கண்ணில் அடித்தால் அவன் குருடு. குருடன் கையில் கடப்பாறை. இதை வைத்து முயல் பிடிக்கலாம். சோறு சுமக்க முடியாது."

அதோடு அது கனம். பின்னந்தலையில் ஒரு பேட்டரிப் பெட்டி வேறு. சுமை ஏற்றினால் மூட்டையில் முட்டும்.

இரண்டாவது விளக்கு மெல்லியது, அழகானது. கையை முன்னால் வீசினால் எரியும், வீசினால் அணையும். கடைக்காரருக்கு அதில் பெருமை. மங்ரு என் தோளில் ஒரு கோணியைப் போட்டு நடக்கச் சொன்னான். கோணியைச் சரி செய்யக் கையைத் தூக்கியபோதெல்லாம் விளக்கு அணைந்தது. "பேய் வீட்டு விளக்கு" என்றான். திருப்பிக் கொடுத்தோம்.

மூன்றாவதில் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி, பிரிக்க முடியாதபடி உள்ளேயே வைத்து மூடியது. இதில் நான் வாயைத் திறந்தேன். இமாசலத்தில் குளிர்ந்த காலைகளில் நிறைந்த சார்ஜோடு என் போன் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். மடியில் வைத்துச் சூடேற்றினால் பிழைக்கும். மலையில் கரண்ட் எங்கே இருக்கும், எப்போது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கடைசி டீக்கடையிலும் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சின்ன பேட்டரி தொங்கும். இரண்டு செட் வாங்கி, சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளலாம்.

"இப்போதுதான் ஒரு நல்ல வார்த்தை சொன்னாய்" என்றான் மங்ரு.

நான்காவது விளக்கு கண்ணாடி அலமாரியின் ஓரத்தில் தூசியோடு கிடந்தது. மூன்று சின்ன பேட்டரி போடுவது. இருட்டறையில் போட்டால் பால் கொட்டின மாதிரி வெளிச்சம் அகலமாக விழுந்தது. பாதமும் தெரிந்தது, பத்தடி முன்னாலும் தெரிந்தது. மங்கலாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, பளிச்சென்று ஒன்று, சிவப்பாக ஒன்று. சிவப்பு, கூடாரத்துக்குள் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பாமல் எதையாவது தேடுவதற்கு. விளக்கை மேலும் கீழும் சாய்க்கலாம்; சாய்த்த இடத்தில் நின்றது. பைக்குள் கிடக்கும்போது தானாக எரிந்துவிடாதபடி, பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். தண்ணீர்க் குடத்தின் வாயில் பிடித்து நனைத்தோம். எரிந்தது.

மங்ரு குதித்தான். விளக்கு மூக்கில் வந்து நின்றது.

கடைக்காரர் பட்டையை இழுத்துப் பார்த்தார். அது இழுத்த இடத்திலேயே நின்றது. "கண்ணாடிக்குள்ள வெயில் பட்டுப் பட்டு ரப்பர் செத்துப் போச்சுங்க" என்றார், கொஞ்சமும் வருத்தம் இல்லாமல். "லைட்டுக்கு நான் பொறுப்பு. எலாஸ்டிக்குக்கு இந்த ஊரே பொறுப்புங்க. வேலம்பாளையத்துலயே ஈஸ்வரியக்கா தறி போட்டிருக்காங்க. நான் சொன்னேன்னு போங்க." விலையையும் பட்டைக்காகக் குறைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மங்ரு வேலைக்குப் போய்விட்டான். நான் தனியாக ஈஸ்வரியக்காவின் தறிக்கூடத்தைத் தேடிப் போனேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. ஆறு எலாஸ்டிக் தறிகள்; ரப்பர் நூலும் பாலியஸ்டர் நூலும் மேலிருந்து இறங்கி, கீழே விரல் அகலத்தில் பட்டையாக வந்து பெட்டிகளில் மடிந்து விழுந்துகொண்டிருந்தது. சுவரில் முருகன் படம். அதற்குப் பக்கத்தில் அதே அளவு மரியாதையோடு சட்டம் போட்ட ஒரு அளவு அட்டவணை. அக்காவுக்கு வயது நாற்பது இருக்கும். இடுப்பில் கத்தரிக்கோல் தொங்கியது.

விஷயத்தைக் கத்திச் சொல்லி, "என்ன செய்ய?" என்றேன். தறிச் சத்தத்தில் அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுகிறார்கள். அந்த மரியாதைப் பேச்சைக் கத்திக் கேட்பது ஒரு தினுசாக இருக்கும்.

"எந்த ஊருங்க நீங்க?"

"தெக்க. தேரிக்காடு."

"அதான் 'என்ன செய்ய, என்ன செய்ய'ங்கறீங்க. குடுங்க பாக்கலாம்."

பழைய பட்டையை விரலில் சுற்றி இழுத்தார். முகம் சுளித்தார். "இதென்னுங்க, செத்த ஓணானாட்ட. இத நம்பியா மலையேறப் போறீங்க?" ஒரு பெட்டிக்குள் கைவிட்டுக் கறுப்புப் பட்டைச் சுருள் ஒன்றை எடுத்தார். அளவுகோலின்மேல் வைத்து இரண்டு மடங்கு இழுத்தார், விட்டார், மறுபடி அளந்தார். மயிரிழைகூட நீளவில்லை. "அம்பது தடவ தொவைச்சாலும் இப்படித்தான் நிக்குமுங்க. எக்ஸ்போர்ட். ஒரு எழுத்து சாஞ்சு போச்சுன்னு மொத்த ரோலையும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. சாஞ்சா இடுப்புல யாரு படிக்கப் போறாங்க, சொல்லுங்க?"

பட்டையின்மேல் வெள்ளை நூலில் ஏதோ பெயர் திரும்பத் திரும்ப நெய்திருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பேன். படித்ததற்கு அர்த்தம் தெரியாது.

டேப்பால் என் தலையைச் சுற்றி அளந்தார். "இருபத்திரண்டு" என்று கத்தினார், யாரிடமோ ஆர்டர் சொல்வது மாதிரி. சுவர் அட்டவணையைப் பார்க்கக்கூட இல்லை. கை தானாகப் போய்ப் பட்டையை வெட்டியது. விளக்கின் இரண்டு துவாரத்திலும் கோத்து, நுனியை நுனியோடு வைத்துத் தைத்தார். பழைய பட்டையில் இறுக்கவும் தளர்த்தவும் ஒரு வளையம் இருந்தது. "அந்த வளையந்தானுங்க நழுவறதுக்குக் காரணம்" என்று அதைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

மாட்டிவிட்டார். குதித்தேன். விளக்கு அசையவில்லை. குனிந்தேன், தலையை உதறினேன். ஆணி அடித்த மாதிரி நின்றது. தறியில் இருந்த இரண்டு பெண்களும் கை தட்டினார்கள். காசு எடுத்தபோது அக்கா கையை மடக்கிவிட்டார். "ரெண்டு சாண் எலாஸ்டிக்குக்குக் காசு வாங்குனா எங்கூட்டுல சிரிப்பாங்க. போய்ட்டு வாங்க."

வியாழக்கிழமை பஸ்ஸைப் படித்துப் பார்த்து ஏறினேன். கொமரலிங்கத்தில், கரட்டை ஒட்டிய டீச்சரின் தோப்பில் ஒரு கொட்டகை. அங்கேதான் கூடாரங்களும் கயிறுகளும் வைத்திருக்கிறார். அங்கேயே படுக்கச் சொன்னார்கள். கொள்ளும் சோறும் கொடுத்தார்கள். நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை நான்கரை மணிக்கு அதே கரட்டில் ஏற ஆரம்பித்தோம். அதே அரிசி மூட்டை. அதே குக்கர், ஒரு பக்கம் நசுங்கி இருந்தது. டீச்சர் முன்னால், நான் பின்னால். பால் வெளிச்சம் என் பாதத்திலும் அவர் குதிகாலிலும் விழுந்தது. அவர் திரும்பிப் பேசியபோதெல்லாம் நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன்.

முதல் அரை மணி நேரம் சொர்க்கம். அதற்குப் பிறகு இரண்டு நெற்றிப்பொட்டிலும் மெதுவாக வலி ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் மண்டையைச் சுற்றி யாரோ கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி. கண் ஓரத்தில் நட்சத்திரம் பறந்தது. கழற்றவில்லை. இதைவிடப் பெரிய வலியோடெல்லாம் வேலை செய்திருக்கிறேன். கொப்புளத்தோடு கல் உடைத்திருக்கிறேன், காய்ச்சலோடு மூட்டை தூக்கியிருக்கிறேன். சொன்னால் வேலை போகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு. உச்சிக்குப் போய், மறுபக்கம் இறங்க ஆரம்பித்தோம். இந்த முறை டீச்சர் என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். திங்கட்கிழமை தவறவிட்ட பாறையில் இந்த முறை கால் சரியாக விழுந்தது. விளக்கு அசையவில்லை.

கீழே வரும்போது விடிந்துவிட்டது. பின்னால் சத்தத்தையே காணோம். திரும்பிப் பார்த்தேன். டீச்சர் ஒரு பாறையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா... தலையில... அது ஜட்டிப் பட்டைங்களா?"

அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பெயர் ஏதோ வெள்ளைக்கார நாட்டு உள்ளாடைக் கம்பெனியின் பெயர் என்று. காதுக்கு மேலே இரண்டு பக்கமும், பின்னந்தலையிலும், வெள்ளை எழுத்தில், கொஞ்சம் சாய்ந்து. இந்தச் சிரிப்போடு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"நழுவலியே டீச்சர்" என்றேன்.

"நழுவலீங்க. நெம்ப நல்லா நின்னுது. கண்ணுலயும் ஒருக்காக்கூட அடிக்கலீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். விளக்கைக் கழற்றினார். என் நெற்றியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "இதென்னுங்க, இப்படி வரி உழுந்து கெடக்குது? வலிக்கலீங்களா?"

"கொஞ்சம்."

"எப்ப இருந்துங்க?"

"ஏறும்போதே."

"ஏன் சொல்லல?"

அவர் மூட்டையை இறக்க வைத்து, என்னையும் உட்கார வைத்தார். பிறகு பேசியதில் சிரிப்பு இல்லை.

"அண்ணா, இது கரடு. அங்க ஏறப் போறது காத்து கம்மியான எடம். மேல ஒடம்பு ஒத்துக்கலீன்னா மொத மொத என்ன வருமுன்னு தெரியுமுங்களா? தலைவலி. அத வெச்சுத்தான் நான் ஆளக் கீழ எறக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றது. பட்டையால வலிக்குதா, மலையால வலிக்குதான்னு உங்களுக்கே தெரியாது. நீங்களும் வாயத் தொறக்க மாட்டீங்க. அப்பறம் ரெண்டு நாள் கழிச்சு உங்கள நாலு பேரு தூக்கிட்டு எறங்கோணும். தூக்கறதுக்குள்ள..." அப்படி ஒருவரை அவர் இறக்கியிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"வேலை இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். திரும்பும்போது கையில் ஒரு கோணிப்பை. கொட்டினார். நெற்றி விளக்குகள். குழுவுக்கு வாடகைக்குக் கொடுப்பவை, பதினெட்டு இருந்தன. எல்லாவற்றிலும் பட்டை செத்திருந்தது. சிலதில் முடிச்சு, சிலதில் ஊக்கு.

"போன தடவ ஊக்குக் குத்தி ஒருத்தருக்கு ரத்தமே வந்துருச்சுங்க. புறப்பட இன்னும் மூணு வாரம் இருக்குது. இத அத்தனையும் நிக்கோணும், வலிக்கக் கூடாது. செஞ்சு கொண்டாங்க. அப்பறம் நீங்க வர்றீங்க, கடைசி ஆளா. கடைசி ஆளுதான் எல்லாத்தோட முதுகையும் பாத்துக்கோணும். ஆனா ஒண்ணுங்ணா. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிப் பழகிட்டு வாங்க. அது பழகாம நேபாளம் இல்ல."

கோணிப்பையோடு அன்றே திரும்பினேன். வழியில் பஸ் பஞ்சர். பல்லடத்துக்கு முன்னால் எல்லோரும் இறங்கி நின்றோம். ஒரு அம்மா பையைத் தொட்டுப் பார்த்து, "என்னுங்க, நிலக்கடலைங்களா?" என்று கேட்டார். திறந்து காட்டினேன். "அட சாமி, இத்தனை லைட்டு வெச்சுட்டு எந்தக் கெணத்துல எறங்கப் போறீங்க?" என்றார். மலை என்றேன். "அப்பத் திரும்பி வந்து சொல்லுங்க, எப்படி இருக்குதுன்னு" என்று பாதி கொய்யாப்பழம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஈஸ்வரியக்காவின் தறிக்கூடத்தில் நின்றேன். நெற்றி வரி இன்னும் போகவில்லை. அவர் அதைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தார். பிறகு தன் தலையிலேயே ஒரு அடி வைத்துக்கொண்டார்.

"பதினெட்டு இஞ்சுக்கு வெட்டிட்டனுங்க! இருபத்திரண்டு இடுப்புன்னா பட்டை பதினெட்டு. துணிய சுருக்கி இழுத்துப் புடிக்கறதுக்கு நாலு இஞ்சு கொறைச்சு வெட்டறது. இருபது வருசமா இடுப்பு இடுப்பாவே வெட்டிக் கையி அப்படியே போயிருச்சு. உங்க மண்டைய நான் ஒரு சின்னப் பையன் இடுப்புன்னுல்ல நெனச்சுட்டேன்!"

தறியில் இருந்த பெண்கள் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு பதினெட்டு விளக்குகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். குப்பையிலிருந்து அந்த வளையத்தைத் தேடி எடுக்கச் சொன்னார். தலைக்கு என்று தனியாக ஒரு பட்டை நெய்ய வேண்டும், ரப்பர் நூலின் இழுவையைக் குறைக்க வேண்டும், எவ்வளவு குறைப்பது என்று எந்த அட்டவணையிலும் இல்லை என்றார்.

"இடுப்புன்னா எனக்குத் தெரியுமுங்க. மண்டை எனக்குப் புதுசு. ஒரு ஆளு நாள் முச்சூடும் போட்டுட்டு வேலை செஞ்சு பாத்துச் சொல்லோணும். மூணு வாரம் இருக்கறீங்களா? நூல் கண்டு மாத்தோணும், பெட்டி தூக்கோணும். சாப்பாடு எங்கூட்டுல. சம்பளமும் உண்டு."

ஒப்புக்கொண்டேன். மூன்றாவது தறியை எனக்குக் காட்டினார். முதல் பட்டை இறங்கி வர ஒன்பதரை ஆயிற்று. கறுப்பு, எழுத்து இல்லாதது. விளக்கில் கோத்து என் தலையில் மாட்டிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் கண்டுகளை மாற்றினேன், அறுந்த நூலை முடிந்தேன், பெட்டிகளைச் சுமந்தேன். பதினோரு மணிக்கு இடது பொட்டில் லேசாக ஆரம்பித்தது. பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு தறிச் சத்தத்துக்கு மேலே, முதல் தடவை என்பதால் வேண்டியதைவிடப் பலமாகவே, கத்தினேன்.

"அக்கா, வலிக்கி!"

அவர் தறியை நிறுத்திவிட்டு, இழுவையைக் குறைக்கிற சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.